அரைமணி கூட்டு, பகலை இரவாக்கு

"பதினெட்டு... பத்தொம்பது... இருவது. நிறுத்துங்க, போதும்."

பிச்சம்மாள் சொன்னதும் அவள் புருஷன் தாணப்பனின் விரல் நின்றது. பேனா மாதிரி இருக்கும் இன்சுலின் ஊசி அது. பின்பக்கத்தைத் திருகினால் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு சின்னச் சத்தம் வரும். கனடாவில் அவர் திருகிய சத்தத்தைத் தோவாளையில் இருந்துகொண்டு அவள் எண்ணினாள். போனைப் பூக்கூடையில் சாய்த்து வைத்திருந்தாள். காலை ஏழு மணி. பிச்சிக்கொடிகளுக்கு நடுவே ஈரம் இன்னும் காயவில்லை. சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. போனுக்குள்ளே முகம் தெரியவில்லை, சட்டையைத் தூக்கிய வயிறு மட்டும்தான் தெரிந்தது. பதினோரு வருஷமாக அவளே குத்திக் குத்தித் தழும்பேறிய வயிறு. ஆயிரம் வயிற்றுக்கு நடுவிலும் அடையாளம் சொல்லிவிடுவாள்.

"குத்தியாச்சு."

"உடனே உருவாதீங்க. பத்து எண்ணுங்க."

எண்ணினார். ஆறிலேயே உருவிவிட்டார். மனுஷனுக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது.

"இனி சாப்பிடணும், கேட்டேளா. என்ன வச்சிருக்கா ராஜி?"

"ரொட்டி கெடக்கு. ஒரு துண்டு தின்னுட்டுப் படுக்கேன். பசி இல்ல பிள்ள."

"ஒரு துண்டு எப்படிக் காணும்? ரெண்டு துண்டாவது..."

அதற்குள் பக்கத்துத் தோட்டத்து ஓமனா, "அக்கா, சந்தைக்கு நேரமாச்சு, பூவுக்கு வெல எறங்கிரும்" என்று கூவினாள். பிச்சம்மாள் போனை மடியில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வேலை முடிந்த நிம்மதி அவளுக்கு. மகள் ராஜி சொன்ன பொறுப்பைச் செய்து முடித்தாயிற்று.

தாணப்பனுக்குத் தன் வயலைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. எந்த வரப்பில் எலி வளை, எந்த மடையில் எத்தனை விரற்கடை தண்ணீர் நின்றால் போதும், எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். தன் உடம்பைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாது. சர்க்கரை எவ்வளவு என்று டாக்டர் கேட்டால் திரும்பிப் பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பார். காலையில் இருபது, மாலையில் பன்னிரண்டு. இந்தக் கணக்கு அவருடைய வயிற்றுக்கானது, ஆனால் அது குடியிருந்தது பிச்சம்மாளின் வாயில். காலையில் ஏழு மணிக்கு அடுக்களையில் இருந்தே "இருவது" என்று சொல்லிக்கொண்டு வருவாள், அவர் சட்டையைத் தூக்குவார். சாயங்காலம் விளக்கேற்றியதும் "பன்னெண்டு" என்பாள், மறுபடியும் தூக்குவார். பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூட அது பிசகியதில்லை.

ஐப்பசியில் மகள் ராஜி அப்பாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனாள். ரெண்டு பேரையும்தான் கூப்பிட்டாள். பிச்சிக்கொடி நல்ல பூப்பில் நிற்கும்போது விட்டுவிட்டு வர முடியாது, பறிக்காமல் விட்டால் கொடி கெட்டுப்போகும் என்று பிச்சம்மாள் சொல்லிவிட்டாள். உண்மையில் அவளுக்கு விமானம் என்றால் பயம். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதனால் ராஜியும், நெடுந்தூரம் லாரி ஓட்டுகிற மருமகன் ஹரிகுமாரும், நடுவில் தாணப்பனுமாக மூஸ் ஜா என்கிற ஊரில் இருந்தார்கள். ஊர்ப் பேரைச் சொல்லிப் பழகவே பிச்சம்மாளுக்கு ஒரு மாசம் பிடித்தது. ஊர் எல்லையில் கொம்பு வைத்த பெரிய மான் சிலை ஒன்று நிற்கிறதாம். அதைத் தவிர ரோட்டில் நிற்பதற்கு வேறு ஆள் கிடையாது என்று தாணப்பன் சொன்னார்.

இங்கே விடியுமுன்பே சந்தையில் ஆள் மேல் ஆள் இடித்து, தண்ணீர் தெளித்து, தூக்கு தூக்கு என்று அவயம் போட்டு, பஸ்ஸின் மேல் பூ மூட்டை ஏற்றி, ஏழு மணிக்குள் பாதி நாள் முடிந்துவிடும். அங்கே ஜன்னல் வழியாக அவர் காட்டுவது எதிர்வீட்டு நீல நிறக் கதவு, ஒரு மஞ்சள் விளக்கு, அப்புறம் பனி. பனி, பனி, பனி. "நம்ம ஊர்ல செத்த வீட்டுலகூட இதவிட சத்தம் இருக்கும்டி" என்பார். எதிர்வீட்டுக் கிழவி காலையில் பனியை வாரி ஒதுக்குவதைப் பார்ப்பதுதான் அவருக்கு அங்கே ஒரே காட்சி. அவள் மம்பட்டி பிடிக்கும் விதம் சரியில்லை என்று அதற்கும் குறை சொல்வார்.

நேரக் கணக்கைப் பிச்சம்மாள் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அரைமணி கூட்டு, பகலை இரவாக்கு. அவ்வளவுதான். இங்கே காலை ஆறு என்றால் அங்கே சாயங்காலம் ஆறரை. சந்தையில் பூக்கட்டுகிற பெண்கள் அவளைச் சீண்டுவதற்கென்றே "எக்கா, உங்க மாப்பிள்ள ஊர்ல இப்ப மணி என்ன?" என்று கேட்பார்கள். வாய் மூடுமுன் பதில் சொல்வாள். தாணப்பனோ தன் கைக்கடிகாரத்தைத் திருப்பவே இல்லை. ராஜி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். "முள்ளுக்கு ராத்திரி பகல் தெரியுமாட்டி? அரமணிக்கூர்தானே வித்தியாசம். நம்ம ஊரு பஸ்சு இதவிடப் பிந்தி வரும்" என்று விட்டுவிட்டார்.

நேற்று வரைக்கும் ராஜியோ ஹரிகுமாரோ யாராவது ஒருவர் வீட்டில் இருந்து ஊசி போட்டார். இன்று ஹரிகுமார் லாரியோடு எங்கேயோ போயிருக்கிறான். ராஜி வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் பனியினால் யாரோ வரவில்லை என்று அவளைத் திடீரென்று கூப்பிட்டுவிட்டார்கள். போகிற அவசரத்தில், காலை 20 மாலை 12 என்று கொட்டை எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள், அம்மாவுக்கும் போன் செய்தாள். "எம்மா, ஒரு மணிக்கூர் கழிச்சு அப்பாவக் கூப்பிட்டு ஊசியப் போடச் சொல்லு. பேப்பர் ஒட்டியிருக்கேன். ஆனா பேப்பர் சொல்லி அப்பா கேட்டிருக்காரா, நீ சொன்னாத்தான் கேப்பாரு. எனக்கு டூட்டியில போன் எடுக்க முடியாது, லாக்கர்ல வச்சிரணும்" என்றாள்.

சந்தையில் பூவைக் கொடுத்துவிட்டு ஓமனாவும் பிச்சம்மாளும் வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. முற்றத்தில் உட்கார்ந்து மிச்சப் பூவைக் கட்ட ஆரம்பித்தார்கள். ஓமனா சும்மா இருக்கமாட்டாமல், "அண்ணனுக்கு இப்ப என்ன நேரம் அக்கா?" என்றாள்.

"இங்க ஒம்பது பத்து. அரமணிக்கூர் கூட்டு. ஒம்பதே முக்கால்னு வையி. பகல ராத்திரி..."

வாய் அப்படியே நின்றது.

ராத்திரி. அங்கே ராத்திரி. அவள் கூப்பிட்டபோது அங்கே சாயங்காலம் ஏழரை. சாயங்காலத்துக்குப் பன்னிரண்டு. அவள் சொன்னது இருபது. காலை வெயிலில் உட்கார்ந்து, பதினோரு வருஷத்துப் பழக்கத்தில், வாய் தானாகச் சொல்லியிருக்கிறது. சொன்னது மட்டுமா? கூடவே உட்கார்ந்து எண்ணினாள். ஒவ்வொரு சத்தமாக எண்ணி, எட்டு சத்தத்தைக் கூடுதலாக எண்ணிக் கொடுத்துவிட்டாள். அதுவும் ஒரு துண்டு ரொட்டிக்கு. கட்டிய பூ கையிலிருந்து விழுந்தது.

"எம்மா முத்தாரம்மா, அவரக் கொன்னுட்டேனே ஓமனா."

"என்னக்கா, என்ன?"

சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வயலுக்குப் போனார் தாணப்பன். வரப்பில் வியர்த்து விழுந்து கிடந்தவரைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவிலுக்கு ஓடினார்கள். இன்னும் அரைமணிக்கூர் கழித்து வந்திருந்தால் கதை வேறு என்று டாக்டர் சொன்னார். அன்று வரப்பில் பார்க்க ஆள் இருந்தது. இன்று அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஊரே வெளியே தலைகாட்டாத ராத்திரி.

போன் செய்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும். மறுபடியும். ஓமனா தன் போனை எடுத்து ராஜிக்கு அடித்தாள், பதில் இல்லை. ஹரிகுமாருக்கு அடித்தாள், அவனும் எடுக்கவில்லை. "பதறாத காரியம் செதறாது அக்கா, நீங்க அண்ணன விடாதீங்க, நான் இவங்களப் பாத்துக்கிடுகேன்" என்றாள்.

நாலாவது தடவை தாணப்பன் எடுத்தார்.

முகம் தெரிந்தது. நெற்றியிலும் மூக்கிலும் வியர்வை கொட்டிக்கொண்டிருந்தது. கண் போனைப் பார்த்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை.

"ஏட்டி, மம்பட்டிய எங்க வச்சே?"

"என்னது?"

"மம்பட்டி. மணி ஒம்பதேகால் ஆச்சு." கைக்கடிகாரத்தைப் போனுக்கு முன்னால் நீட்டினார். கை ஆடியதில் முள் தெரியவில்லை. "சானல்ல தண்ணி விட்டுருப்பான். நம்ம மொற போச்சுன்னா பயிரு கருகிரும். சூல் பருவம்லா."

கடிகாரம் பொய் சொல்லவில்லை. தோவாளையில் மணி ஒன்பதேகால்தான். வயலுக்குப் பாயும் கால்வாயான சானலில் தண்ணீரும் விட்டிருந்தார்கள்.

"இஞ்சேருங்க, நீங்க ராஜி வீட்டுல இருக்கீங்க. கனடாவுல. இப்ப ராத்திரி. சர்க்கர கொறஞ்சு போச்சு உங்களுக்கு, போய்..."

"கிறுக்குப் பேச்சுப் பேசாத." கோபம் வந்துவிட்டது. "கண்ணு முழிச்சு நிக்கேன், ராத்திரியாம்லா ராத்திரி."

போன் ஆட ஆட அவர் நடப்பது தெரிந்தது. ஒரு சுவர், ஒரு சோபா, வரிசையாகத் தொங்கும் கனத்த கோட்டுகள். வாசல். பிச்சம்மாளுக்கு அந்த வாசல் தெரியும். முந்தாநாள்தான் ராஜி அங்கே நின்று காட்டினாள். வெளியே மைனஸ் முப்பது எம்மா, கையுறை இல்லாம அஞ்சு நிமிசம் நின்னா வெரல் செத்துரும் என்றாள். தாணப்பன் இடுப்பில் கைலிச் சாரம் கட்டி, மேலே ஒரு ஸ்வெட்டர் போட்டிருந்தார். காலில் ஒன்றும் இல்லை. மடை திறக்கப் போகிறவன் செருப்புப் போடுவானா? கதவுக் கொண்டியில் அவர் கை வைக்கிற சத்தம் கேட்டது.

போகாதீங்க என்று கத்தத்தான் வாயெடுத்தாள். கத்தினால் வீம்புக்குத் திறப்பார். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது தெரியாதா? சத்தத்தை இறக்கி, எப்போதும் பேசுகிற குரலில் சொன்னாள்.

"போங்க. நான் வேண்டாம்னா சொன்னேன்? என்னைக்கு நீங்க கருப்பட்டி கடிக்காம வயலுக்குப் போயிருக்கீங்க?"

கொண்டிச் சத்தம் நின்றது.

வயலுக்கு இறங்குமுன் ஒரு துண்டு கருப்பட்டி கடித்து ஒரு செம்பு தண்ணீர் குடிப்பது அவருடைய அப்பா காலத்துப் பழக்கம். சர்க்கரை வந்தபிறகு பிச்சம்மாள்தான் சண்டை போட்டு நிறுத்தினாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நிறுத்திய பழக்கம். நல்லவேளை, இப்போது அவருக்கு அந்தப் பதினோரு வருஷம் நினைவில் இல்லை.

"தாயேன்" என்றார், குழந்தை மாதிரி.

"நான் பூ கட்டிட்டிருக்கேன். அடுக்களையில இருக்கு, எடுத்துக்கிடுங்க."

நடந்தார். இடது பக்கம் திரும்பினார். தோவாளை வீட்டில் அடுக்களை இடது பக்கம். மூஸ் ஜா வீட்டில் அங்கே ஹரிகுமாரின் துணி அலமாரி. டம் என்று மோதுகிற சத்தம். போன் கீழே விழுந்தது. பிச்சம்மாளுக்கு வெறும் கூரை தெரிந்தது, கூரையில் வட்டமாக ஒரு விளக்கு. மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் தன் மூச்சை நிறுத்திக்கொண்டு கேட்டாள்.

"ஏட்டி, இங்கின அடுக்களையக் காணலியே."

"மாத்திக் கட்டியிருக்குல்லா. மறந்து போச்சா? போன எடுங்க. சோத்துக்கைப் பக்கம் திரும்புங்க. பைய, பைய. செவரப் பிடிச்சுக்கிட்டு வாங்க."

அந்த அடுக்களையில் பிச்சம்மாள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஆனால் மூன்று மாசமாகப் போனில் பார்த்துப் பார்த்து, எந்தத் தட்டில் புளி, எந்த டப்பாவில் வத்தல் என்று ராஜியைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். கருப்பட்டியைப் பழைய ஹார்லிக்ஸ் டப்பாவில் அடைத்துக் கொடுத்தவளும் அவள்தான். ராஜிக்குச் சுக்குக்காப்பி போட. அடுப்புக்கு மேலே, வெள்ளைக் கதவு, ரெண்டாவது தட்டு.

"அடுப்புக்கு மேல தொறங்க. அது இல்ல, அது உப்பு. பக்கத்துல. நெட்டையா இருக்குல்லா, அது. போனக் கீழ சாய்ச்சு வச்சுக்கிடுங்க."

டப்பாவை எடுத்துவிட்டார். மூடி வரவில்லை. கை நடுங்கி நடுங்கி வழுக்கிற்று. "வரமாட்டேங்கு, போட்டும்" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த மனுஷனின் தலை மெல்லச் சாய்ந்தது. சாயக்கூடாது. இந்தத் தலை சாய்ந்தால் அப்புறம் நிமிராது என்று அவளுக்குத் தெரியும்.

"ஏய் தாணப்பன்!"

புருஷன் பெயரை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. ஓமனா திடுக்கிட்டுத் திரும்பினாள். தாணப்பன் கண்ணைத் திறந்தார்.

"சாரத்தத் தூக்கி மூடியப் பிடிங்க. பிடிச்சாச்சா? திருகுங்க. ம். இன்னும். சானல்ல தண்ணி போயிட்டிருக்கு, திருகுங்க!"

மூடி திறந்தது. டப்பா சரிந்து கருப்பட்டித் துண்டுகள் தரையில் உருண்டன. ஒன்றைப் பொறுக்கி வாயில் வைத்தார்.

"கடிங்க. சவைச்சு முழுங்குங்க. இன்னொண்ணு எடுங்க."

கடிக்கிற சத்தம் வந்தது. பிச்சம்மாள் எண்ணினாள். இரண்டு. மூன்று. காலையில் எண்ணிய அதே வாய். இந்த வாயை அடுப்பில் வைத்துச் சுட்டால் என்ன என்று தோன்றிற்று.

"கேட்டேளா, ஒண்ணு சொல்லுகேன். நான் சொல்லாம கதவுப் பக்கம் போகப்பிடாது. யாரு வந்து தட்டினாலும் தொறக்கப்பிடாது. எம்மேல சத்தியம்."

"ம்" என்றார், வாய் நிறையக் கருப்பட்டியோடு.

"அக்கா, கெடைச்சாச்சு! உங்க மருமவன் எடுத்துட்டாரு!" என்று ஓமனா அலறினாள். தன் போனைப் பிச்சம்மாளின் காதோடு வைத்து அழுத்தினாள். ஹரிகுமாரின் குரல் லாரி இரைச்சலுக்கு நடுவே விட்டுவிட்டு வந்தது. "அத்த, பயப்படாதீங்க, ஓமனாக்கா எல்லாம் சொன்னாவ. ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு, பக்கந்தான், இப்ப வந்துருவான். வந்தா மாமாவக் கதவத் தொறக்கச் சொல்லுங்க. வேற வழி இல்ல, ராஜி பின்பக்கத்தப் பூட்டியிருப்பா."

"கொஞ்சம் தெளிஞ்சாப்புல இருக்கு மருமவனே" என்றாள். நிஜமாகவே தெளிந்திருக்கிறாரா? கண் கொஞ்சம் நிலைத்திருந்தது. வியர்வை இன்னும் நிற்கவில்லை.

"என்ன, நல்லா இருக்கேளா? நான் யாரு சொல்லுங்க."

"நீ பிச்ச." சிரிக்கப் பார்த்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். "ராஜி எங்க?" என்றார். ராஜியின் பேர் வந்ததும் பிச்சம்மாளுக்குப் போன உயிர் பாதி திரும்பியது. மறு நிமிஷமே ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார், "ஏட்டி, கோயில்ல கொடியேறியாச்சா? சீரியல் லைட்டு போட்டிருக்கான் பாரு, செவப்பும் நீலமுமா."

வெள்ளை ஜன்னலில் சிவப்பு வந்து போயிற்று. நீலம் வந்து போயிற்று. கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. வேற்று மொழியில் ஓர் ஆண் குரல். மறுபடியும் தட்டல், இந்த முறை பலமாக.

தாணப்பன் போனை எடுத்துக்கொண்டு எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, அடுக்களையை விட்டு, தடுமாறாமல் வாசல் வரை போய் நின்றார். கொண்டியைத் தொடவில்லை. போனை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஒரு கன்னம் கருப்பட்டியால் புடைத்திருந்தது.

"சொல்லுட்டி. தொறக்கட்டா?"

பிச்சம்மாள் அவர் கண்ணையே பார்த்தாள். தெளியாமல் இருந்தால்? திறந்ததும் வந்தவர்களைத் தள்ளிவிட்டு, சானல் சானல் என்று பனிக்குள் இறங்கி ஓடிவிட்டால்? காலையிலும் இப்படித்தான் அவள் சொன்னபடி கேட்டார். அவள் போதும் என்றாள், அவர் விரல் நின்றது. இந்த மனுஷன் இவ்வளவு நம்பி நிற்கிறாரே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

"உங்களத்தான் சொல்லணும் அக்கா" என்றாள் ஓமனா.

"போனச் சோபாவுல சாய்ச்சு வச்சுட்டுத் தொறங்க" என்றாள். "தொறந்துட்டு அங்கயே நில்லுங்க. வெளிய எறங்காதீங்க. நான் பாத்துட்டே இருக்கேன், அங்கயே நில்லுங்க."

போனைச் சோபாவில் சாய்த்துவிட்டு அவர் கொண்டியைத் தள்ளினார். கதவு உள்ளே வந்தது. கூடவே வெளிச்சமும் காற்றும் பனியும் சேர்ந்து ஒரே வெள்ளையாக உள்ளே வந்தன. அந்த இடத்தில் படம் நின்றுவிட்டது. சத்தமும் நின்றுவிட்டது. திரையின் நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

பிச்சம்மாள் போனை வெயிலுக்கு மறைத்து முந்தானைக்குள் பிடித்துக்கொண்டு பார்த்தாள். வெள்ளைக்கு முன்னால் தாணப்பனின் முதுகு. தூக்கிக் கட்டிய சாரம். வெறும் கால், ஒன்று வாசற்படிக்கு இந்தப் பக்கம், ஒன்று காற்றில் தூக்கியபடி.